மாமனுக்குப் பதில் கார்

1

கார்த்திகாவுக்குக் கல்யாணமாகி நேற்றோடு ஒரு வருடம். அவள் என் ஒரே அக்காவின் ஒரே மகள். வாழ்த்துச் சொல்லலாம் என்று ஃபோன் போட்டால் அவள் எடுத்ததும் கேட்கிறாள்: "மாமா, காருல சார்ஜ் இருக்கா?" கேட்டுவிட்டு அவளும் சிரிக்கிறாள், பின்னால் அவள் புருஷனும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இந்தக் கேள்வியை எட்டு மாதம் தினமும் கேட்டு அந்தக் குடும்பத்தின் உயிரை எடுத்தவன் நான்தான்.

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். காருக்கு பிரேக் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை. வேலைக்குப் போவது சைக்கிளில். பனி கொட்டினால் டிராம். ஆனால் எனக்கென்று ஒரு கார் உண்டு. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, ஒரு பட்டனை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்விடும். அது நிற்பது அருப்புக்கோட்டைப் பக்கம் எம்.ரெட்டியபட்டியில், அக்கா வீட்டுப் பருத்தி குடோனில்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மனைவி மலரும் இதைத்தான் கேட்டாள். மதுரையில் ஒரு டாக்டர் வீட்டையும் காரையும் விற்றுவிட்டு மகனோடு போய்விடப் போகிறார் என்று கேள்விப்பட்டு, லீவில் வந்திருந்தவன் காரைப் பார்க்கப் போனேன். பார்த்தேன், வாங்கிவிட்டேன். இங்கே ஜெர்மனியில் இந்த மாதிரிக் காரில் போனால் பக்கத்து சிக்னலில் நிற்பவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அருப்புக்கோட்டையில் போனால் டீக்கடை முழுக்க எழுந்து நிற்கும். அதற்காகத்தான் வாங்கினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வாங்கிய பிறகுதான் நம் ஊர் வேகத்தடைகள் ஞாபகத்துக்கு வந்தன. காரின் அடிவயிறு தரையிலிருந்து நான்கு விரல்கடை. வேகத்தடையோ ஆட்டுக்குட்டி உயரம். மச்சான் குருசாமி, அதாவது அக்கா வீட்டுக்காரர், இரண்டு பனஞ்சட்டங்களை பைக்கில் கட்டிக்கொண்டு முன்னால் போவார். தடை வந்ததும் இறங்கி சட்டத்தைப் போட்டு, என்னை ஏற்றி இறக்கி, மறுபடி கட்டிக்கொண்டு அடுத்த தடைக்குப் பறப்பார். அந்த லீவில் மொத்தம் ஒன்பது தடவை ஓட்டினேன். ஒன்பது தடவையும் சொர்க்கம்.

2

நிறுத்தி வைக்கும் காருக்குத்தான் செலவும் கவலையும் அதிகம். ஓடாமல் நின்றாலும் உள்ளே கடிகாரம், பூட்டு, அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கும். அவை பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, நாலைந்து வாரத்தில் வற்றடித்துவிடும். இதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒரு முனை சுவரில், மறு முனை காருக்குள். குறைகிற அளவுக்கு மட்டும் கரண்டை ஊட்டிக்கொண்டே இருக்கும். நிறைந்திருந்தால் பச்சை விளக்கு, நிறைந்துகொண்டிருந்தால் மஞ்சள், கோளாறு என்றால் சிவப்பு. அந்தப் பெட்டியை அடுத்த லீவில் நான் சாக்லெட்டுக்கு நடுவில் வைத்து ஊருக்குக் கொண்டு போனேன்.

மச்சான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது காருக்கு டிரிப்ஸ் ஏத்துற மிசினு. சரிதானே மாப்ள?"

சரிதான் என்றேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். மறுநாளே, குருசாமி வீட்டில் ஒரு கார் படுத்த படுக்கையாகி டிரிப்ஸ் ஏறுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. டிரிப்ஸ் ஏறினால் நம் சனம் பார்க்க வராமல் இருக்குமா? வந்தார்கள். ஒருவர் பன் பாக்கெட்டோடு வந்தார், சத்தியமாக.

நான் திரும்பி வந்ததும் ஒரு ஏற்பாடு. தினமும் காலையில் அக்கா விளக்கைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எனக்கு ஐந்தரை மணிக் காபி நேரம். மலர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். நான் ஃபோனைப் பார்த்து, "பச்சை!" என்று அறிவித்துவிட்டுத்தான் சட்டை போடுவேன்.

"உங்களுக்கு சுகரு இருக்கான்னு ஆறு மாசமா டெஸ்ட் பண்ணச் சொல்லுறேன்," என்பாள் மலர். "காருக்கு மட்டும் தினம் டெஸ்ட்டு."

மகள் ஆதிரை படிப்புக்காக வேறு நகரத்தில் அறை எடுத்துப் போய்விட்டாள். வயது இருபது. அவளைப் பார்க்க வேண்டுமென்றாலும் முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும், இந்த நாட்டு அலுவலகம் மாதிரி. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்றால் அந்த மொழியில் ஒற்றை அசையில் ஒரு "ம்". என் அக்காவோடு அவள் பேசிய நீளமான பேச்சே "ஹாய் அத்தை"தான். அந்த உறவின் பேட்டரி எந்தப் பெட்டிக்கும் பிடி கொடுக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது, எனக்கு அது வலித்தது. வலித்ததால்தான் அந்தக் காரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனோ என்னவோ.

3

மூன்றாம் மாதத்திலிருந்து வாரத்தில் பாதி நாள் மஞ்சள். எனக்குத் தலை வெடித்தது. துப்பறிய ஆரம்பித்தேன்.

முதல் குற்றவாளி அக்கா. படுக்கப் போகும்போது வீட்டிலுள்ள சுவிட்ச் அத்தனையையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பாள். குடோனையும் விட்டுவைக்கவில்லை. "ஆளில்லாத எடத்துல கரண்டு ஓடலாமாடா? மனசு கேக்க மாட்டேங்குது," என்றாள். கெஞ்சிக் கூத்தாடி, அந்த சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்ட வைத்தேன்.

பிறகும் மஞ்சள்தான். இரண்டாம் குற்றவாளி மச்சான். வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டி, உட்கார வைத்து, பாட்டுப் போட்டு, கூரையை ஒரு தடவை மடக்கி விரித்து, ஹாரன் அடித்துக் காட்டித்தான் அனுப்புவார். பருத்தி விலை பேச வீரசோழனிலிருந்து வந்த பாய், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தே பேரத்தை முடித்திருக்கிறார்.

நான் கத்தினேன். "மச்சான், கதவைத் திறந்தாலே கம்ப்யூட்டர் முழிச்சுக்கிரும். பூட்டியே வைங்க. கண்ணாடி வழியா பாத்துட்டுப் போகட்டும்."

"என்ன மாப்ள பேசுறீக? வாசல் வரைக்கும் வந்த மனுசனை வெளியில நிக்க வச்சு அனுப்புறதா? காப்பி குடுக்காம அனுப்புனாலும் அனுப்புவேன், காரைக் காட்டாம அனுப்ப மாட்டேன்."

இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் பதினோரு வருடமாகப் பழக்கம், அவர் வீட்டுக்குள் சோபா என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. அங்கே என் காரின் சீட்டு சுற்றுவட்டாரம் முழுக்கப் பரிச்சயம். கோபம் கோபமாக வந்தது, உள்ளுக்குள் குளிரவும் செய்தது.

அந்தக் காரால் ஒரு நல்லதும் நடந்தது. கார்த்திகாவைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வந்தார்கள். பஜ்ஜி காபி முடிந்ததும் மச்சான் வழக்கம்போல் காரைக் காட்டினார். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே உட்கார்ந்தார். எழ முடியவில்லை. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இந்தக் கையை மச்சானும் அந்தக் கையை மாப்பிள்ளையும் பிடித்து இழுக்க, மொத்தக் கூட்டமும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்ன தயக்கம் இருக்கும்? அன்றைக்கே பேசி முடித்து, ஆவணியில் தேதியும் குறித்துவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் மண்டபம்.

4

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பெண் மண்டபத்து வாசலில் வந்து இறங்கினால் தாய்மாமன் வந்து கையைப் பிடிக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மணவறைக்கு நடப்பாள். மாமன் கை கிடைக்கும் வரை மேளக்காரர் மேளத்தைத் தொட மாட்டார். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

டிக்கெட் எடுக்கலாம் என்று பாஸ்போர்ட்டைத் திறந்தேன். அது செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

நான் சும்மா சொல்லவில்லை. எட்டு மாதமாக ஐயாயிரம் மைல் தள்ளி நிற்கும் காருக்கு உயிர் இருக்கிறதா என்று தினமும் பார்த்தவன், மேசை டிராயரில் கிடந்த பாஸ்போர்ட்டின் தேதியைப் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல இடமில்லை. முழுக்க என் புத்தி. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஓடினேன். படிவம் நிரப்பினேன். இரண்டு காதும் தெரியும்படி ஃபோட்டோ எடுத்தேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐந்து வாரமாவது ஆகும்," என்றார். கல்யாணத்துக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் ஒரு பேச்சு இல்லை. ஆனால் காலையில் பச்சை விளக்குப் படம் மட்டும் ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வந்தது. அதைப் பார்த்துவிட்டு மலர் முன்னால் உட்கார்ந்து அழுதேன், சொல்ல என்ன கூச்சம்.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "ஏலே தம்பி. நீ வரலைன்னா போ. உன் காரு வரட்டும். எம் பொண்ணு உன் கார்லதான் மண்டபத்துக்குப் போவா. நாலு பேரு கேட்டா, மாமன் காரு அனுப்பிருக்கான்னு சொல்லிக்கிருவேன். அன்னைக்கு மட்டும் அது ஓடாம கெடந்துச்சு, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"ஓடும்க்கா," என்றேன். "யாரு ஓட்டுவா?"

அதுதான் சிக்கல். மச்சானுக்கு பைக்கையும் டிராக்டரையும் தவிர எதையும் ஓட்டத் தெரியாது, வாடகை டிரைவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதை ஞாயிற்றுக்கிழமை ஆதிரையிடம் புலம்பினேன். அவள் ஜெர்மனில் கேட்டாள்: "நான் ஓட்டலாமா?" சர்வதேச லைசென்ஸுக்கு என்ன வேண்டும் என்று அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். ஒரு வாரம்தான் இருப்பேன், காருக்காகத்தான் போகிறேன், மற்றபடி எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று கறாராகச் சொன்னாள். நான் எதையும் எதிர்பார்க்காமல் வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினேன்.

மறுநாள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம், கல்யாணத்தன்று ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று அனுமதி கேட்டேன். சந்தோஷத்தில் என் ஜெர்மன் தடம் புரண்டு, "என் காருக்குக் கல்யாணம்," என்று சொல்லித் தொலைத்தேன். அவர் ஒரு விநாடி யோசித்துவிட்டு கையைக் குலுக்கி வாழ்த்தினார்.

5

கல்யாணத்துக்கு முந்தின மூன்று நாளும் பச்சை, பச்சை, பச்சை. கல்யாணத்தன்று காலை ஐந்து மணிக்கு, ஊரில் எட்டரை, நான்காவது பச்சை வந்தது. காபியோடு உட்கார்ந்து சந்தோஷமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு பல்லி. முந்தின நாள் படத்தைப் பார்த்தேன். அதே பல்லி, அதே இடம். அதற்கு முந்தின இரண்டு நாளும் அதே பல்லி. நான்கு நாளாக வாலைக்கூட அசைக்காத பல்லி உலகத்தில் உண்டா?

ஃபோனைப் போட்டேன். "அக்கா, பழைய படத்தையா அனுப்புற?"

"கல்யாண வேலையில எங்கிட்டுடா குடோனுக்குப் போக? பச்சைதானேன்னு அதையே அனுப்பிவிட்டேன். ஒனக்கு நிம்மதியா இருக்கட்டும்னுதான்."

"ஓடிப்போய்ப் பாருக்கா!"

ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஆதிரைதான் ஓடினாள், என்னை வீடியோவில் கையில் பிடித்துக்கொண்டு. குடோன் சுவரில் சார்ஜர் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிளக் பாயிண்டில் பந்தலுக்கான சீரியல் லைட் செருகப்பட்டு, ஜெகஜோதியாக எரிந்தது. நான்கு நாள் டிரிப்ஸ் இல்லை. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் மச்சான் காரைத் திறந்து காட்டியிருக்கிறார். ஆதிரை சாவியை அமுக்கினாள். கார் இமைக்கவில்லை.

வெளியே பட்டுப்புடவையில் கார்த்திகா. வேனில் ஏறி உட்கார்ந்த உறவினர் கூட்டம். அக்கா குடோன் வாசலுக்கு வந்து பார்த்தாள். திட்டவில்லை. "போச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் போகாதது ஒரு அவமானம், நான் அனுப்பிய காரும் போகாவிட்டால் அவள் யார் முகத்தில் முழிப்பாள்?

"தள்ளுவோம்!" என்று ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"தள்ளாதீக! தள்ளுனா ஓடாது! கியர் பூட்டிக் கெடக்கும்!" என்று நான் இங்கே சமையலறையில் குதித்தேன். மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். தட்டட்டும்.

இந்த வகைக் காரில் ஒரு கொடுமை உண்டு. பேட்டரி இருப்பது முன்பக்கப் பெட்டிக்குள். அந்தப் பெட்டியின் மூடி திறக்க கரண்ட் வேண்டும். கரண்ட் வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். வழி ஒன்றுதான், வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்டைக் கடன் வாங்குவது. அது எனக்கு மனப்பாடம்.

"ஆதிரை, ரிமோட்டுக்குள்ள ஒரு குட்டிச் சாவி இருக்கு, உருவு. கைப்பிடி ஓரத்துல மூடியை நெம்பினா ஓட்டை தெரியும். திறந்துட்டியா? ஸ்டியரிங்குக்குக் கீழ தலையை விடு. ஃபியூஸ் பெட்டியில ஒரு செவப்பு முனை இருக்கும், இழு. மச்சான், டிராக்டரைக் கொண்டாங்க!"

என் மகள் பட்டுப்பாவாடை தாவணியோடு காருக்குள் தலைகீழாகக் கிடந்தாள். காலிரண்டும் வெளியே. மச்சான் டிராக்டரை குடோன் வாசலில் கொண்டு வந்து நிறுத்தி கேபிளை நீட்டினார்.

"மாமா, ப்ளஸ் குடுங்க! மைனஸ் கதவு இரும்புல!" உள்ளிருந்து சத்தம் வந்தது. தமிழில் வந்தது என்று எனக்கு உறைக்கவே ஒரு நிமிஷம் ஆனது.

கேபிள் தொட்டதும் காரின் அலாரம் அலறியது. ஊரே அதிர்ந்தது. முன்மூடி 'டக்' என்று திறந்தது. பிறகு நேரே பேட்டரிக்குக் கேபிளைக் கொடுத்து, பத்து நிமிஷம் டிராக்டரை உறும விட்டுக் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிஷத்தில் எங்கள் குலதெய்வத்துக்கு நான் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன், இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.

ஆதிரை பட்டனை அமுக்கினாள். ஒரு முக்கல். ஒரு முனகல். பிறகு வந்ததே ஒரு உறுமல்! குடோன் தகரம் நடுங்கியது. குலவை போட்டார்கள். மச்சான் டிராக்டர் மேல் நின்று துண்டைச் சுழற்றினார்.

6

"எங்கயும் ஆஃப் பண்ணாதே. ஆஃப் பண்ணுனா மறுபடி படுத்துரும்," என்று நான் சொல்ல, ஆதிரை ஃபோனை ஸ்டியரிங் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கூரையைத் திறந்துவிட்டாள். நான் தெரிந்ததையெல்லாம் பார்த்தேன்: மகளின் முகவாய்க்கட்டை, கார்த்திகாவின் நெற்றிச்சுட்டி, கருவேலங்காட்டு உச்சி, வெள்ளை வெயில். முன்னால் மச்சான் பைக்கில் பனஞ்சட்டங்களோடு பறக்கிறார் என்பதை இவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பதை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஏழு வேகத்தடை. ஏழு தடவையும் "மெல்ல, மெல்ல!" என்று நான் இங்கே மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி, ஒங்களுக்குப் பயமா?" இது ஆதிரை.

"ஏய், ரோட்டைப் பாருடி!" இது கார்த்திகா.

பஸ்காரர் ஒருவர் ஹாரன் அடித்து வாழ்த்தினார். ஊருக்குள் நுழைந்ததும் யாரோ விசிலடித்தார்கள். டீக்கடை எழுந்து நின்றதா என்று கேட்டேன். யாரும் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

பத்து மணி சுமாருக்கு மண்டபத்து வாசலில் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறந்தது, ஆதிரை இறங்கினாள், ஃபோன் சரிந்து மல்லாந்து விழுந்தது. எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. "ஃபோனை எடுங்க! யாராச்சும் ஃபோனை எடுங்க!" என்று கத்தினேன். வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் என் சத்தம் எம்மாத்திரம்?

ஸ்பீக்கரில் மைக்செட்காரர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது, பாவம். "பொண்ணோட தாய்மாமன் எங்கிருந்தாலும் வாசலுக்கு வரவும். தாய்மாமன் வாசலுக்கு வரவும்."

கூட்டத்தின் சத்தம் சட்டென்று அடங்கியது. கார் வந்தால் போதும் என்றுதான் நாங்கள் இத்தனை நாள் நினைத்திருந்தோம். காருக்குக் கை ஏது? மேளம் தொடங்கவில்லை. அக்கா எங்கே நிற்கிறாள், எப்படி நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் இங்கே நாற்காலியை விட்டு எழுந்து, "இருக்கேன், இருக்கேன்," என்று அந்த வானத்தைப் பார்த்துச் சொன்னேன். மறுபடி ஸ்பீக்கர்: "தாய்மாமன்…"

"இந்தா வாரேன்!"

காருக்குப் பக்கத்திலிருந்து கேட்டது. ஜெர்மன் வாடை வீசும் தமிழ், ஆனால் நல்ல கட்டைத் தொண்டை, என் தொண்டை. "ஏ, பொம்பளப் பிள்ளையா?" என்று ஒரு பெரிசு இழுத்தது. "என் தம்பி மகய்யா! அவன் கைதானே இது!" என்று அக்கா வெடித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. "கையைப் புடிச்சுட்டாளே, மேளத்தை அடிங்கய்யா!"

மேளம் அடித்தது. அப்பாடி, என்ன அடி அது. குலவைச் சத்தமும் நாயனமும் வாசலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து போவது கேட்டது. நான் கண்ணைத் துடைக்காமல் நின்றேன்.

மலர் கைப்பையோடு ஓடி வந்தாள். "என்ன நடக்குது? என்ன தெரியுது, காட்டுங்க."

ஃபோனை அவள் பக்கம் திருப்பினேன். வானம், ஒரு ஓரத்தில் வாழை இலை நுனி.

"ஒண்ணும் தெரியலை," என்றேன். "எல்லாம் நல்லா நடக்குது."